கோட்டையை விஞ்சிய கடிதம்
திருகோணமலைத் துறைமுகத்தின் அண்மைக்கால வரலாற்றில், பீரங்கியைவிட வெளிப்படையாக எழுதிக்கொடுத்த வாக்கே அதிகம் சாதித்திருக்கிறது. 1947 பாதுகாப்பு ஒப்பந்தம் சுதந்திரத்துக்குப் பின்னும் பிரித்தானியக் கடற்படையை இங்கே தங்கவைத்தது. தளத்தை மீட்பதாகப் பிரதமர் பண்டாரநாயக்க பகிரங்கமாகவே சொன்னார். 1957 ஒக்டோபரில் அது கைமாறியது. 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனவும் பரிமாறிய கடிதங்களில் ஒளிவுமறைவே இல்லை: இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் துறைமுகம் தரப்படாது, எண்ணெய்க் குதங்கள் கூட்டு முயற்சியாகச் சீரமைக்கப்படும். இவை ஒப்பந்தத்தின் உடலில் இல்லை, வெறும் இணைப்புதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தின் உள்ளேயே இருந்த வடக்கு கிழக்கு மாகாண இணைப்பை 2006இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. கடிதத்தில் இருந்த குதங்களோ 2003இலும் 2022இலும் புதிய உடன்படிக்கைகளாயின. 2022 உடன்படிக்கைப்படி 99 குதங்களில் 61 கூட்டு நிறுவனத்துக்கு.