இல்லாத சாரட்டின் நகல்கள்

மோட்டார் வாகன வரலாற்றை எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் எஞ்சினைப் பற்றியே எழுதுகிறார்கள். அதன்மேல் அமர்ந்திருக்கும் கூடு அவர்களுக்கு ஓர் உடை, அவ்வளவுதான். நம் கரூரிலும் நாமக்கல்லிலும் ‘பாடி கட்டுவது’ என்று ஒரு முழுத் தொழிலுக்கே பெயர் இருக்கிறது. எஞ்சினும் அடிச்சட்டமும் வேறு எங்கிருந்தோ வந்து சேரும். அவற்றின்மீது வீடு கட்டுவதுபோல் ஒரு கூட்டைக் கட்டுகிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்திலும் கார்த் தொழில் தொடங்கிய நாட்களில் இதே நிலைமைதான். இயந்திரம் செய்தவர்கள் ஒரு கூட்டம், பாடி கட்டியவர்கள் வேறொரு கூட்டம். பின்னவர்கள் குதிரை வண்டிப் பட்டறைகளிலிருந்து, தங்கள் உளிகளையும் சுத்தியல்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு வந்தவர்கள்.

ஒஹையோ மாநிலத்தின் நார்வாக் என்ற சிற்றூரில் கொல்லுப்பட்டறையும் வண்டிப்பட்டறையும் வைத்திருந்த லாரன்ஸ் பிஷர் என்பவருக்கு ஏழு மகன்கள். மூத்தவர் பிரெட் 1902-இல் டெட்ராய்ட் வந்து ஒரு வண்டி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1908-இல் அவரும் தம்பி சார்லஸும் சேர்ந்து பிஷர் பாடி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1910-இல் காடிலாக் நிறுவனத்திடமிருந்து 150 மூடிய கூடுகளுக்கு ஆர்டர் கிடைத்தது. பெரும்பாலான கார்கள் கூரையற்றுத் திறந்தே கிடந்த காலத்தில் இது பெரிய விஷயம். 1919-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்நிறுவனத்தின் ஐந்தில் மூன்று பங்கை வாங்கியது. 1926-இல் முழுவதும் அதனுடையதாயிற்று.

அந்நாளைய கூடு எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் இதைப் பொறுத்தது. உள்ளே மரச்சட்டம். அதற்கு ஆஷ் மரத்தை விரும்பினார்கள். வளையும், அதிர்வைத் தாங்கும், ஆணியைப் பிடித்துக்கொள்ளும். சட்டங்களைப் பொருத்தி, பசையிட்டு, திருகாணி முடுக்கி, மேலே உலோகத் தகட்டைத் தட்டி வடிவமாக்கிப் போர்த்துவார்கள். பிறகு வண்ணம். ஒரு பூச்சு, காயவிடுதல், தேய்த்தல், அடுத்த பூச்சு, கடைசியில் வார்னிஷ் என்று வாரக்கணக்கில் போகும். தூசி விழுந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டும். 1923-இல் ஓக்லாண்ட் கார்களில் ட்யூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அறிமுகமானபோது இந்த வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. வண்டி கட்டும் தொழிலில் பொறுமை என்ற சரக்கு முதன்முதலாகத் தேவையற்றுப்போனது அன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பொறுமை தேவையற்றுப்போன அதே காலத்தில்தான் பிஷர் சகோதரர்கள் தங்கள் நிறுவனத்துக்கு ஒரு சாரட்டு வண்டியை முத்திரையாகத் தேர்ந்தெடுத்தார்கள். நெப்போலியனின் சாரட்டு. எந்தச் சாரட்டு என்று கேட்டால் சுவாரசியமான பதில் கிடைக்கும். 1804-இல் முடிசூட்டு விழாவுக்குப் போன சாரட்டு ஒன்று. 1810-இல் மரீ லூயியை மணந்தபோது பயன்பட்டது மற்றொன்று. இரண்டிலிருந்தும் பிடித்த அம்சங்களை எடுத்துக் கலந்து வரைந்ததுதான் பிஷர் முத்திரை. அதாவது அந்தச் சாரட்டில் யாரும் ஏறியதில்லை. அப்படி ஒன்று எந்தச் சாலையிலும் ஓடியதில்லை.

1930-இல் பிஷர் நிறுவனம் ‘பிஷர் பாடி கைவினைஞர் கில்டு’ என்ற அமைப்பைத் தொடங்கியது. கில்டு என்பது இடைக்கால ஐரோப்பாவில் தச்சர், கொல்லர், நெசவாளர் ஆகியோர் வைத்திருந்த தொழிற்குழு. சீடனாகச் சேர்ந்து, தேர்ந்தவனாகி, முடிவில் ஒரு முழுமையான படைப்பைச் செய்து காட்டினால்தான் அதில் ஒருவன் ஆசான் ஆக முடியும். அந்தப் பழைய பெயரைச் சூட்டிக்கொண்டு அமெரிக்கப் பையன்களை ஒரு போட்டிக்கு அழைத்தார்கள். வயது 12 முதல் 19 வரை. அனுப்பப்படும் வரைபடத்தைப் பார்த்து, முத்திரையில் உள்ள சாரட்டைச் சிறிய அளவில் செய்ய வேண்டும். பரிசு நான்கு கல்லூரி உதவித்தொகைகள், ஒவ்வொன்றும் 5,000 டாலர். ஆயிரம் டாலருக்குள் புதுக் கார் வாங்கக்கூடிய காலம் அது. பொருளாதாரப் பெருமந்தமோ அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பல குடும்பங்களில் அந்தச் சாரட்டு ஒன்றுதான் கல்லூரிக்குப் போகும் வண்டி.

வேலையின் தன்மையைப் பாருங்கள். கடையில் வாங்கிய உறுப்பு எதுவும் கூடாது. மூலப்பொருளிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும். கூட்டை மரத்தில் செதுக்க வேண்டும். உலோக அலங்காரங்களை வார்க்கவோ அறுத்து ராவவோ வேண்டும். உள்ளே இருக்கைக்கு மெத்தை தைக்க வேண்டும். ஜன்னல் இயங்க வேண்டும், சக்கரம் சுழல வேண்டும். எல்லாம் ஏறத்தாழ ஓரடி நீளத்துக்குள். தச்சன், கொல்லன், வார்ப்புக்காரன், தையற்காரன், ஓவியன் என்று ஐந்து பேர் ஒரு பையனுக்குள் குடியேறினால்தான் இது நடக்கும்.

சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். சாரட்டின் முன்சக்கரம் சிறிது, பின்சக்கரம் பெரிது. ஆகவே ஒரு கணக்கு இரண்டுக்கும் பொருந்தாது. ஆரக்கால்கள் எல்லாம் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். குடத்தில் சம இடைவெளியில் இறங்க வேண்டும். அசையாமல் நிற்கும்போது எந்தக் கோணலும் தெரியாது. விரலால் ஒரு சுண்டு சுண்டினால் தெரிந்துவிடும்: ஆரங்களில் ஒன்று தடித்திருந்தால் அது சுற்றுக்கு ஒரு முறை கண்ணைக் குத்தும், குடம் மையத்திலிருந்து மயிரிழை விலகியிருந்தால் வட்டமே நொண்டும். வேலையின் தரத்தைப் பற்றி எத்தனையோ பேசுகிறோம். அதைச் செய்தவனே எந்தக் கருவியும் இல்லாமல் சோதித்துக்கொள்ளக்கூடிய இடங்கள் சிலவே. சக்கரம் அவற்றில் ஒன்று.

நடுவர்களின் பணி விசித்திரமானது. வரைபடத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது, வேலை எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்ற இரண்டையும் அளந்து மதிப்பெண் போட வேண்டும். அசல் ஒன்று இருந்து நகல் வருவதுதான் வழக்கம். இங்கே அசல் என்று எதுவுமில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில், சமையலறை மேசைகளிலும் நிலவறைகளிலும் பள்ளிப் பட்டறைகளிலும், ஒருபோதும் இருந்திராத ஒரு வண்டிக்கு மயிரிழை பிசகாத நகல்கள் உருவாகிக்கொண்டிருந்தன. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. தரம் என்பது ஏதோ ஒரு மூலப்பொருளோடு ஒப்பிட்டுப் பெறுவது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது சிலர் கூடி ஒப்புக்கொண்ட ஒரு வரைபடம்தான். ஒப்புக்கொண்ட பிறகு அதில் சமரசம் கிடையாது என்பதே அதன் வலிமை.

1931-இல் முதல் நான்கு பரிசுகளில் ஒன்றைப் பெற்ற டொனால்ட் பர்ன்ஹாம் பின்னாளில் வெஸ்டிங்ஹவுஸ் மின்சார நிறுவனத்தின் தலைவரானார். கில்டின் விளம்பரக்காரர்களுக்கு இதைவிட நல்ல கதை கிடைத்திருக்காது.

ஆனால் அதே 1931-இல் நடந்த இன்னொன்றை அவர்கள் விளம்பரப்படுத்தியிருக்க மாட்டார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் பிளீட்வுட் என்ற ஊரில், வாடிக்கையாளர் விருப்பத்துக்கேற்ப ஒவ்வொன்றாகக் கார்க்கூடு கட்டும் புகழ்பெற்ற பட்டறை ஒன்று இருந்தது. ஊரின் பெயரே பட்டறைக்கும். 1925-இல் பிஷர் அதை வாங்கியது. சில ஆண்டுகளில் வேலையைப் படிப்படியாக டெட்ராய்ட்டுக்கு மாற்றிக்கொண்டு 1931 வாக்கில் பென்சில்வேனியாப் பட்டறையை மூடிவிட்டது. காடிலாக் கார்களின்மீது பிளீட்வுட் என்ற பெயர் மட்டும் பல பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது. பையன்கள் மரத்தில் சாரட்டு செதுக்கக் கற்றுக்கொண்டிருந்தபோது, மரத்தில் கூடு கட்டத் தெரிந்த பெரியவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1935-ஆம் ஆண்டு மாடல்களில் பிஷர் ‘டரட் டாப்’ என்ற ஒரே தகட்டாலான எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. ராட்சத பிரஸ் ஒன்று இறங்கி எழுந்தால் ஒரு கூரை. அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் மரச்சட்டமும் விடைபெற்றது.

பிரஸ் இறங்கும் வேகத்துக்கு மனிதர்களும் ஓட வேண்டியிருந்தது. 1936 டிசம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரத்தில், பிஷர் பாடி முதலாம் எண், இரண்டாம் எண் ஆலைகளின் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உள்ளேயே அமர்ந்துவிட்டார்கள். 44 நாட்கள் நீடித்த இந்த உள்ளிருப்பு வேலைநிறுத்தம் அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றின் திருப்புமுனை என்பது பலரும் அறிந்தது. தொழிலாளர்களின் முதன்மையான குறை கூலிகூட இல்லை, வேகம். அசெம்பிளி லைன் மூச்சுவிட நேரம் தராமல் ஓடியது. ஜனவரி 11 அன்று போலீசார் கண்ணீர்ப்புகையோடு இரண்டாம் எண் ஆலையைத் தாக்கியபோது உள்ளிருந்தவர்கள் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். கைக்குக் கிடைத்ததையெல்லாம் எறிந்தார்கள். கைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கார்க் கதவுகளின் இரும்புக் கீல்கள். பதிலுக்குத் துப்பாக்கிகள் வெடித்தன.

அந்த நாட்களில் ஷெல்டன் டிக் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. வேலைநிறுத்தக்காரர்கள் புதிதாகச் செய்த கார் இருக்கைகளில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆலையைத் தூய்மையாக வைத்திருக்கவும் இயந்திரங்களுக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்ளவும் தங்களுக்குள் குழுக்கள் அமைத்துக்கொண்டார்கள். அந்தக் கீல்களையும் இருக்கைகளையும் பார்க்கும்போதெல்லாம், எங்கோ ஒரு மேசையில் ஒரு பையன் விரல்நக அளவில் ராவிக்கொண்டிருந்த கீலும், தைத்துக்கொண்டிருந்த மெத்தையும் நினைவில் வருகின்றன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் பெயரால் நடந்தவை. பையனின் நேரத்துக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. சரியாக வரும்வரை செய்யலாம். தொழிலாளியின் நேரம் நொடிகளாக எண்ணப்பட்டது. சரியாக வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த கூடு வந்து நின்றுவிடும். நேர்த்தி அவன் கையில் இல்லாமல் போகவில்லை. அதற்கான அவகாசத்தைத்தான் அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

கில்டு ஒரு தந்திரம், கைவினையைக் கொன்றவர்கள் அதற்கு எழுப்பிய நினைவு மண்டபம் என்று இதை வைத்து ஒருவர் வாதிடலாம். முழுதாக ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. நோக்கம் எதுவாக இருந்தாலும், அந்தப் பையன்கள் கற்றது உண்மையான வேலை. அது போலியாக இருக்க முடியாது, சக்கரம் சுழன்றாக வேண்டுமே! (பையன்கள் என்றே திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைசிவரை கில்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாடி ஆலைகளில் மெத்தை தைத்தவர்களில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.)

வேலைநிறுத்தம் முடிந்த அதே 1937-இல் கில்டு இன்னொரு போட்டியைச் சேர்த்தது: எதிர்காலக் காரின் மாதிரி. இங்கே வரைபடம் கிடையாது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் தானே ஒரு காரைக் கற்பனை செய்து, தானே கட்ட வேண்டும். ஹாலிவுட் நடிகர்களுக்குத் தனிக் கார்கள் கட்டித் தந்த பட்டறையிலிருந்து வந்த ஹார்லி எர்ல் 1927 முதல் ஜெனரல் மோட்டார்ஸில் வடிவமைப்புப் பிரிவை நடத்திவந்தார். களிமண்ணில் மாதிரி செய்து பார்ப்பது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. நிறுவனத்துக்குச் செதுக்குகிறவர்களைவிட வடிவம் காணத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். போரின்போது நின்றுபோன போட்டிகள் பிறகு மீண்டும் தொடங்கியபோது, சாரட்டு 1940களின் இறுதியோடு மறைந்து, மாதிரிக் கார் மட்டும் நிலைத்தது.

வரைபடம் இல்லாதபோது தரத்தை எதைக்கொண்டு அளப்பது? அப்போதும் வழி இருந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிபோல் அமைய வேண்டும். ஒரே மரக்கட்டையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்படி ஒரு வளைவை இழைப்பது எவ்வளவு கடினம் என்பது உளி பிடித்தவர்களுக்குத் தெரியும். அதன்மேல் லாக்கர். ஒரு பூச்சு, உப்புத்தாள், மறு பூச்சு, இன்னும் மெல்லிய உப்புத்தாள். பளபளக்கும் பரப்பில் விளக்கு ஒன்றின் பிரதிபலிப்பு நீளக்கோடாக ஓடும். பரப்பில் பள்ளமிருந்தால் கோடு நெளியும். 1923-இல் ஆலைகளிலிருந்து வெளியேறத் தொடங்கிய பொறுமை பையன்களின் அறைகளில் இப்படி ஒளிந்துகொண்டிருந்தது. 1947-இல் இந்தப் போட்டியில் வென்ற சார்லஸ் ஜோர்டன் 1986 முதல் 1992 வரை ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைத் துணைத்தலைவராக இருந்தார். கில்டிலிருந்து வடிவமைப்பாளர்களாகப் போனவர்களில் அவர் ஒருவர் மட்டுமே.

வெளியே காலம் மாறிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவில் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்கள் பிஷர் போன்ற ஆலைகள் அச்சடித்து அனுப்பிய கூடுகளை அறுத்து, கூரையைத் தாழ்த்தி, இணைப்புகளை ஈயம் உருக்கி நிரப்பி, தனித்தனிக் கார்களாக்கினார்கள். பழைய பாடி கட்டும் தொழில் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது என்றே இதைச் சொல்வேன். 1958-இல் ஏஎம்டி நிறுவனம் பிளாஸ்டிக் கார் மாதிரிகளைப் பெட்டியில் அடைத்து, மூன்று விதமாகக் கட்டலாம் என்று விற்றது. உறுப்புகள் அச்சிலிருந்தே துல்லியமாக வந்தன. சக்கரம் நொண்ட வாய்ப்பே இல்லை. ஒரு மாலையில் கட்டி முடிக்கலாம். அதிலும் அபாரமான கைகள் தோன்றின என்பதை மறுக்க மாட்டேன். கில்டின் போட்டி 1968-இல் நின்றது.

பிளின்ட்டின் முதலாம் எண் ஆலை 1987-இல் மூடப்பட்டு, பெரும்பகுதி இடிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1984-இல், பிஷர் பாடி என்ற பிரிவு நிறுவனத்தின் பிற பிரிவுகளுக்குள் கலைந்துவிட்டது. பையன்கள் செய்த சாரட்டுகளில் சில வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. நிறுவனம் கலைந்த பிறகும் சில ஆண்டுகள் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் கதவைத் திறந்தால், வாசற்படித் தகட்டில் அந்தச் சாரட்டு சின்னதாக அச்சாகியிருக்கும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதன்மேல் கால் வைத்துத்தான் போனார்கள்.