ரொறன்ரோ – கட்டுநாயக்க: தூரம் 14,000 கிலோமீற்றர், நேரம் எவ்வளவு?

"கனடாவில இருந்து பிள்ளையள் வர எவ்வளவு நேரம் எடுக்கும்?" எங்கள் செத்தவீடுகளில் முதலில் எழும் கேள்விகளில் இதுவும் ஒன்று. அம்மம்மா காலமானபோது நானும் அதற்குப் பிழையான விடை சொன்னேன்.

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையிலான நேர்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் கணக்கிட்டால் பதினாறு மணித்தியாலம். ஆனால் நேரடிச் சேவை இல்லை. பெரும்பாலானோர் டுபாய், டோஹா, அபுதாபி போன்ற இடங்களில் விமானம் மாறியே வருகின்றனர்.

டுபாய் வழியாக வந்தால் தூரம் 14,400 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதாவது, சுற்றுவழியால் கூடுவது 400 கிலோமீற்றர் மட்டுமே. நேரத்தைக் கூட்டுவது இடைத்தங்கல். ரொறன்ரோ – டுபாய் பன்னிரண்டரை முதல் பதின்மூன்று மணித்தியாலம், டுபாய் – கட்டுநாயக்க நாலரை, இடையில் காத்திருப்பு நாலு என்றால் மொத்தம் ஏறத்தாழ 21 மணித்தியாலம். திரும்பிப் போகும்போது எதிர்க்காற்றால் நேரம் இன்னும் கூடும்.

பெரியம்மா ஒரு மாரிகாலத்தில், "திங்கள் இரவு பத்து மணிக்கு ஏறுறன், 21 மணித்தியாலம்" என்றார். எங்கள் திங்கள் இரவு பத்துடன் 21ஐக் கூட்டினேன். செவ்வாய் இரவு ஏழு மணிக்கு இறங்குவார் என்று வீட்டாருக்குச் சொன்னேன். கிரியை புதன் காலை 11 மணிக்குக் குறிக்கப்பட்டது.

ரொறன்ரோவில் திங்கள் இரவு பத்து என்றால் இங்கே செவ்வாய் காலை எட்டரை. மாரியில் வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். கனடாவில் மார்ச் முதல் நவம்பர் வரை கடிகாரத்தை முன்நகர்த்துவதால் அது ஒன்பதரையாகக் குறையும். ஆகவே அவர் இறங்கியது புதன் அதிகாலை ஐந்தரைக்கு. குடிவரவு, பொதிகள், வானில் யாழ்ப்பாணம்வரை ஏழு மணித்தியாலம் எல்லாம் முடிந்து வீடு வர பிற்பகல் இரண்டரை. அவர் தன் வீட்டுக் கதவைப் பூட்டி 34 மணித்தியாலம் ஆகியிருந்தது.

செவ்வாய் இரவு டுபாயிலிருந்து அவர் அழைத்தபோதுதான் பிழை தெரிந்தது. கட்டுநாயக்கவில் வான் ஏற்கனவே காத்து நின்றது. கிரியையைப் பின்னேரத்துக்குத் தள்ளினோம். பெரியம்மா தாயின் முகத்தைப் பார்த்தார். எல்லா வீடுகளிலும் அப்படித் தள்ள முடிவதில்லை.

சென்னை வழியாகப் பலாலிக்கு வந்தால் தரைவழிப் பயணம் மிச்சம். 2019 நவம்பரில் தொடங்கிய அந்தச் சேவை, கொரோனாக் கால இடைநிறுத்தத்தின் பின் 2022 டிசம்பரில் மீண்டது. சென்னையில் வேறு பயணச்சீட்டுக்கு மாறுவதானால் இந்திய விசா தேவைப்படலாம். ஏறுமுன் உறுதிப்படுத்துங்கள்.

நேரம் குறிக்குமுன் இரண்டைக் கேளுங்கள்: பயணச்சீட்டில் கட்டுநாயக்கவில் இறங்கும் திகதியும் நேரமும் என்ன? அங்கிருந்து வீடுவர எவ்வளவு நேரம்? பயணச்சீட்டில் இறங்கும் நேரம் எங்கள் நேரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதனுடன் ஒன்பது மணித்தியாலம் கூட்டினால் யாழ்ப்பாணத்து வாசலுக்கு வரும் நேரம் கிடைக்கும்.

இங்கிருந்து கனடா போகவேண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர்களின் பயணம் விசா விண்ணப்பத்தில் தொடங்குகிறது. அதை மணித்தியாலத்தில் எண்ண முடியாது.