ஹெலி சீனம், எஞ்சின் கனடா

இசட்-10 சீன இராணுவத்தின் தாக்குதல் ஹெலி. அதன் ஆரம்ப வடிவமைப்பை 1995இல் செய்துகொடுத்தது தாங்கள்தான் என்று ரஷ்யாவின் கமோவ் நிறுவனத் தலைமை வடிவமைப்பாளர் 2013இல் சொன்னார். எஞ்சின் கதை அதைவிடப் பெரிசு.

1989 தியனன்மென் படுகொலைக்குப் பிறகு சீனாவுக்கு ஆயுதம் விற்க அமெரிக்கா தடை போட்டிருந்தது. ஆனாலும் 2001-02இல் பிராட் அண்ட் விட்னி கனடா பத்து எஞ்சின்களை அனுப்பியது, அமெரிக்க மென்பொருளோட. சொன்ன சாட்டு, சிவில் ஹெலியும் செய்யப்போகினமாம். 200 கோடி டொலர் சந்தை கண்ணில பட்டால் ஆர் கேள்வி கேட்பினம்? இது இராணுவ ஹெலி என்பது கொம்பனிக்குத் தொடக்கத்திலேயே தெரியும் என்றது அமெரிக்க நீதித்துறை. 2012இல் கனடாக் கொம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. அமெரிக்கத் தாய்க் கொம்பனியோடு சேர்த்து 7.5 கோடி டொலருக்கு மேல் கட்டச் சம்மதம். அதுக்குள்ள இசட்-10 படையில சேர்ந்திட்டுது, வலுக் குறைஞ்ச உள்ளூர் எஞ்சினோட.