பிளாஸ்ரிக் கப்பலுக்கு மரத்தின் நிறம்

"இதென்னடா தம்பி, சொக்கிளேற்றே?"

மூன்று கிழமை மினக்கெட்டு நான் பூசி முடித்த கப்பலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஐயா கேட்ட முதற்கேள்வி இதுதான். ஐயா வல்வெட்டித்துறையில் ஓடாவியாராக இருந்தவர். வள்ளம் கட்டியவர், பழைய வத்தைகளுக்குப் பலகை மாற்றியவர். 1987இல் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையின்போது வீட்டைவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது முற்றத்தில் அரைவாசி கட்டிக் கிடந்த வள்ளமும் இல்லை, வாய்ச்சியும் உளியும் வைத்த பெட்டியும் இல்லை. அதன்பிறகு கடலுக்குப் போகத் தடை, மீண்டும் இடப்பெயர்வு, 2004இல் ஆழிப்பேரலை. இன்று எங்கள் கரையில் நிற்பவை பெரும்பாலும் பைபர் படகுகள். மரக்கப்பல் என்றால் என் மகளுக்குப் படத்தில் இருப்பதுதான்.

அண்ணை லண்டனிலிருந்து அனுப்பிய பெட்டியில் இருந்தது ரெவெல் நிறுவனத்தின் மேஃபிளவர். 1:83 அளவு. 1620இல் இங்கிலாந்திலிருந்து 102 பயணிகளை அற்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோன கப்பல் அது. அதன் வரைபடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1957இல் கடல் கடந்த மேஃபிளவர் 2கூட, அக்காலத்து வேறு கப்பல்களை ஆராய்ந்து வில்லியம் பேக்கர் என்ற அமெரிக்கர் வரைந்ததுதான்.

வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட அன்னபூரணியின் கதை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 89 அடி நீளப் பாய்க்கப்பல். றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்ற, எங்களூர் மாலுமிகள் அதை ஓட்டிச் சென்று 1938இல் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். மேஃபிளவர் போய்ச் சேர்ந்ததும் அதே மசாசுசெற்ஸ் கரைதான். அன்னபூரணியை ஒருநாள் சிறிதாகச் செய்துபார்க்க எனக்கு ஆசை. அதற்கு முதல் மேஃபிளவரில் கை பழகலாம் என்று தொடங்கினேன்.

முதல் முறை நான் விட்ட பிழை, மரம் என்றால் மண்ணிறம் என்று நினைத்தது. ஒரே மண்ணிறப் பெயின்றை முழுக்கப் பூசி, மேலே மினுக்கு வார்னிசும் அடித்தேன். ஐயா சொன்னதில் குறையில்லை.

அதைத் தேய்த்தெடுத்து மறுபடி தொடங்கினேன். அந்த முறையை இங்கே தருகிறேன்.

முதலில் துண்டுகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை இருந்தால் பெயின்ற் உரியும். அடுத்தது, பிளாஸ்ரிக்கில் வார்த்திருக்கும் மரவரிகள். பார்க்க அழகாக இருந்தாலும் அவை மிகவும் ஆழம். 0.2 மில்லிமீற்றர் ஆழக் கீறல், 1:83 கணக்கில், உண்மைப் பலகையில் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பள்ளம். அப்படிப் பலகையோடு எவரும் கடலுக்குப் போகமாட்டார்கள். 600ஆம் இலக்க அரத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்து வரிகளைக் குறைத்தேன். பலகைகளுக்கு இடையிலுள்ள கோட்டை மட்டும் விட்டுவிட வேண்டும். அது கலப்பற்று அடித்த இடம்.

பிறைமருக்கு மேல் அடிப்பூச்சு வெளிர் மணல் நிறம். ரமியா அக்கிறிலிக்கில் எக்ஸ்எப் 57 அல்லது எக்ஸ்எப் 78 பொருந்தும். அவை கிடைக்காவிட்டால் மினுக்கம் இல்லாத எந்த மணல் நிறமும் போதும். அது காய்ந்ததும் அதே நிறத்தை மூன்று மூடிகளில் பிரித்து, ஒன்றில் சிறிது வெள்ளை, ஒன்றில் சிறிது மண்ணிறம், ஒன்றில் சிறிது சாம்பல் கலந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பலகைகளைத் தனித்தனியே தீட்ட வேண்டும். இரண்டு மரத்துப் பலகை ஒரே நிறத்தில் இராது. வித்தியாசம் மெல்லியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சதுரங்கப் பலகை மாதிரித் தெரியும். அதன்மேல் மினுக்கமற்ற வார்னிஸ் ஒரு பூச்சு.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஓவியர்கள் பாவிக்கும் எண்ணெய் வர்ணத்தில் பேண்ற் அம்பர் என்ற கடும் மண்ணிறத்தைச் சிறிது கடதாசி மட்டையில் பிதுக்கி அரை மணித்தியாலம் விட்டால், மிகுதி எண்ணெயை மட்டை குடித்துவிடும். மயிர் தேய்ந்து விறைத்த பழைய தூரிகையால் அதைத் தொட்டு, அணியத்திலிருந்து பின்பக்கம் வரை பலகை ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே ஒருமுறை இழுத்தாலும் மரம் செத்துவிடும். இருபது நிமிடம் கழித்துத் துணியால் அதே திசையில் துடைத்தால், வரிகளிலும் இடுக்குகளிலும் மட்டும் கருமை தங்கும். பிழைத்தால் வைற் ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம், கீழே உள்ள அக்கிறிலிக் கரையாது. காய இரண்டு மூன்று நாளாகும் என்பார்கள். எனக்கு மாரி மழைக்குள் ஒரு கிழமை எடுத்தது.

இந்த இரண்டாவது கப்பலையும் ஐயாவிடம் கொண்டுபோனேன். கண் புகைச்சல் என்பதால் விறாந்தை வெளிச்சத்துக்குப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பார்த்தார்.

"மரந்தான். ஆனா கடலுக்குப் போன மரமில்லை. வெயில் எங்க பட்டது? ஆக்கள் எங்க நடந்தவை?"

இந்த இரண்டு கேள்விகளும் நான் வாசித்த எந்தக் கையேட்டிலும் இல்லை. அன்று பின்னேரம் முழுக்க அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வெயிலும் உப்பும் படும் மேற்புறம் வெளுத்துச் சாம்பல் நிறமாகும். ஓரத்து நிழலில் பழைய நிறம் அப்படியே இருக்கும். தளத்தின் நடுவே கால்பட்ட இடம் தேய்ந்து வெளிறும். கைபிடிக்கும் விளிம்பும் கயிறு உரசும் இடமும் கறுத்து வழுவழுக்கும். தளத்துத் தண்ணீர் வடியும் துளைகளுக்குக் கீழே நெடுங்கோடாகக் கறை இறங்கும். நீர்மட்டக் கோட்டில் பாசி.

ஆணிக்கறையைப் பற்றியும் கேட்டேன். பலர் மாதிரிக் கப்பல்களில் செம்மஞ்சள் துரு பூசிவிடுகிறார்கள். மேஃபிளவர் காலத்து ஆங்கிலக் கப்பல்கள் ஓக் மரத்தால் ஆனவை. ஓக்கில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறைதான் வரும். ஐயாவுக்கு ஓக் தெரியாது. ஆனால், "ஆணியைச் சுத்திக் கறுக்கும், பிறகு மரம் உக்கும்" என்றார். நீர்மட்டத்துக்குக் கீழே அழுக்கு வெள்ளை பூசினேன். அந்நாட்களில் கொழுப்பு, எண்ணெய், குங்கிலியம், கந்தகம் கலந்து அடிப்பாகத்துக்குப் பூசுவார்கள்.

வெளுப்புக்கு, வெளிர் சாம்பல் பெயின்றைத் தூரிகையில் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதையும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசினேன். கறைகளுக்கு எண்ணெய் வர்ணத்தில் ஒரு புள்ளி வைத்து, ஸ்பிரிற்றில் நனைத்த தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தேன். எல்லாவற்றுக்கும் மேல் மினுக்கமற்ற வார்னிஸ். கொஞ்சமாகச் செய்து, ஒருநாள் விட்டுப் பார்த்து, பிறகு தொடருவதுதான் நல்லது. கூடிவிட்டால் கப்பல் பழசாகத் தெரியாது, ஊத்தையாகத் தெரியும்.

மூன்றாவது முறை கையில் வாங்கியபோது ஐயா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இடப்பக்கம், நீர்மட்டத்திலிருந்து மூன்றாவது பலகையில் விரலை வைத்தார்.

"இதை மட்டும் புதுசா அடி. பலகை மாத்தின கப்பலா இருக்கட்டும்."

அன்றிரவே அந்தப் பலகையின் கருமையைத் துடைத்து எடுத்துவிட்டு, பச்சை மரத்தின் வெளிர் நிறத்தைப் பூசினேன்.