கோடிக்கரைப் போகும் வழியில்

சென்ற அரையாண்டு விடுமுறையில் மகன் குடும்பத்தோடு நாகப்பட்டினத்திலிருந்து கோடிக்கரை வரை காரில் போய் வந்தோம். பேரப்பிள்ளைகளுக்கு மானும் பூநாரையும் பார்க்க ஆசை. என் மனைவிக்கு வேதாரண்யேசுவரர் தரிசனம். எனக்கு அகஸ்தியம்பள்ளியில் சற்று நேரம் நிற்க வேண்டும்.

வேளாங்கண்ணியைத் தாண்டினால் ஊர்கள் சிறுத்துவிடுகின்றன. இடது பக்கம் தோப்புகளுக்கு அப்பால் கடல். வேதாரண்யம் தாண்டியதும் உப்பளங்கள். கீற்று வேய்ந்த உப்புக் குவியல்களைப் பார்த்து, "தாத்தா, அதெல்லாம் வீடா?" என்றாள் பேத்தி. "உப்பும்மா. இதுக்காக ஒரு காலத்தில் ஜெயிலுக்குப் போனாங்க" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

1930 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாள். அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேரளவில் தொண்டர்கள் புறப்பட்டார்கள். வேதாரண்யம் வரை சுமார் 150 மைல். நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டு, சித்திரை வெயிலில் நடை.

தஞ்சை கலெக்டர் தார்ன் தொண்டர்களை வழியில் அடிக்கவில்லை. அவர்களது வயிற்றில் கை வைத்தார். இவர்களுக்குச் சோறு போடுவோருக்கும் தங்க இடம் கொடுப்போருக்கும் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் என்று அறிவித்தார். பெரிய மனிதர்கள் பலர் தயங்கினார்கள். ஆனால் வழியோர ஊர்க்காரர்கள் சோற்றைப் பொட்டலம் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் சமைத்தது, யார் கட்டியது என்று போலீசுக்குத் தெரியவில்லை. இன்று நமக்கும் தெரியாது. ராஜாஜி பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இரவோடு இரவாக உலை வைத்த அந்தப் பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். உள்ளூரில் ஏற்பாடுகளைச் செய்தவர் வேதரத்தினம் பிள்ளை. பின்னாளில் சர்தார் என்று அழைக்கப்பட்டவர். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளினார், கைதானார். பிறகும் போராட்டம் ஓயவில்லை. ருக்மணி லட்சுமிபதி அம்மையார் சிறை சென்றார். சவரத் தொழிலாளி வைரப்பன், தான் முகம் மழித்துக்கொண்டிருப்பது போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை மடக்கிவிட்டு, அதற்காகவே சிறை போனார். உப்பு வரி ஒழிந்தது 1947இல். பதினேழு வருடக் காத்திருப்பு.

நினைவுத்தூண் அருகே நாங்கள் நின்றிருந்த அரை மணியில் நாலைந்து கார்கள் கோடிக்கரைப் பக்கம் போயின. ஒன்றும் நிற்கவில்லை. குறை சொல்லவில்லை, எங்கள் பேரனும் "மான் எப்போ?" என்று காரை விட்டு இறங்காமல்தான் இருந்தான்.

பொன்னியின் செல்வன் படித்த நம் தலைமுறைக்குக் கோடிக்கரை என்றால் பூங்குழலி. பிள்ளைகளுக்கு அது வெளிமான் ஓடும் புல்வெளி. அதுவும் சரிதான். 1967இல் வெளிமானுக்காகவே சரணாலயம் ஆக்கிய இடம் அது. முறுக்கிய கொம்போடு கருத்த ஆண்மான் ஒன்று தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. தூரத்தில் ஆளில்லாத குதிரைகள் மேய்ந்தன. உவர்நீரில் பூநாரைகள் வரிசையாக நின்று, தலையைக் கவிழ்த்து இரை தேடின. உவர்நீரில் வாழும் சிறு கூனிகளும் பாசியும்தான் அவற்றுக்கு அந்த இளஞ்சிவப்பைத் தருகின்றன என்று மருமகள் பிள்ளைகளுக்கு விளக்கினாள்.

2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். முறிந்த மரங்களின் அடையாளம் இன்னும் இருக்கிறது. சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் புகுந்து மானின் மேய்ச்சலைக் குறைக்கிறது. மானைக் காக்க வேலி போடலாம், சட்டம் போடலாம். சோறு கட்டித் தொங்கவிட்டவர்களின் கதைக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் பெரியவர்கள் சொன்னால்தான் உண்டு.

கோடிக்கரை போகிறவர்கள் அகஸ்தியம்பள்ளியில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். மான்கள் மாலையில்தான் நன்றாகத் தென்படும், நேரம் இருக்கிறது.