கருங்காய்ச்சல் விரைவுச் சோதனையின் வரலாறு

கருங்காய்ச்சல் என்பது மணல் ஈ கடிப்பதால் பரவும் ஓர் ஒட்டுண்ணி நோய். வட இந்தியாவில் இதனைக் காலா அசார் என்பர். நீண்ட நாள் காய்ச்சல், உடல் மெலிவு, இரத்தசோகை, மண்ணீரல் வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். தோல் கருத்துப் போவதால் இப்பெயர் வந்தது. மருத்துவம் செய்யாவிட்டால் பெரும்பாலும் உயிர் போய்விடும். பீகாரின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்று விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு பத்து நிமிடத்தில் இந்நோயைச் சோதிக்கிறார்கள். இந்த எளிய நிலைக்கு வந்து சேர ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. அதன் தொடக்கத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

சென்னையில் கண்ட ஒட்டுண்ணி

19ஆம் நூற்றாண்டில் வங்காளத்திலும் அசாமிலும் இந்நோய் பல ஊர்களைப் பாழாக்கியது. ஆனால் அது என்ன நோய் என்பதில் தெளிவு இல்லை. 1890இல் அசாமில் ஆய்வு செய்த ஜைல்ஸ் இதைக் கொக்கிப்புழுவின் வேலை என்றார். பின்னர் லியோனார்டு ரோஜர்ஸ் கடுமையான மலேரியா என்றார். மலேரியா என்று நம்பிக் கொயினா கொடுத்தார்கள்; காய்ச்சல் தணியவில்லை.

கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் நுண்ணிய உருவங்களைக் கண்டார். அதை 1903 மே மாதத்தில் வெளியிட்டார். அதே ஆண்டு சென்னை பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டொனவனும் பிரேதப் பரிசோதனைகளில் அவ்வுருவங்களைக் கண்டார். அவர் அதோடு நிற்கவில்லை. உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த மாதிரியிலும் அவற்றைக் காட்டினார். இறந்த பின் அறியும் நோய், இருக்கும்போதே அறியும் நோயாயிற்று. இருவர் பெயரையும் சேர்த்து ரொனால்டு ராஸ் அந்த ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டொனோவனி என்று பெயரிட்டார்.

ஊசியும் ஃபார்மலினும்

மண்ணீரலில் ஊசி குத்தி எடுப்பதே பல பத்தாண்டுகளுக்கு உறுதியான சோதனையாக இருந்தது. நுண்ணோக்கியில் ஒட்டுண்ணியையே பார்த்துவிடலாம் என்பது அதன் பலம். ஆனால் வீங்கிய மண்ணீரல் இரத்தம் நிறைந்த உறுப்பு. ஊசி பட்ட இடத்தில் உள்ளே கசிவு ஏற்பட்டால் ஆபத்து. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு இது நேரலாம் என்று கணக்கிட்டுள்ளனர். தேர்ந்த கை, ஆய்வகம், அவசரத்துக்கு இரத்தம் ஏற்றும் வசதி மூன்றும் வேண்டும். நோயாளிகளோ மண் குடிசையில் வாழும் கூலித் தொழிலாளர்கள். நகரத்து மருத்துவமனை வரை போக அவர்களில் பலருக்குக் காசு இருக்காது.

இதற்கு மாற்றாக 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் எல். எவரார்டு நேப்பியர் ஆல்டிஹைடு சோதனையை அறிமுகப்படுத்தினார். நோயாளியின் சீரத்தில் ஓரிரு துளி ஃபார்மலின் விட வேண்டும். பள்ளி ஆய்வகங்களில் தவளையையும் பாம்பையும் கெடாமல் வைத்திருக்கும் அதே திரவம்தான். சீரம் சில நிமிடங்களில் வேகவைத்த முட்டையின் வெண்கருபோல் உறைந்து வெளுத்தால் கருங்காய்ச்சல் என்று கொள்வர். செலவே இல்லாத இச்சோதனை நெடுங்காலம் பயன்பட்டது. ஆனால் அது காட்டுவது ஒட்டுண்ணியை அன்று. இரத்தத்தில் குளோபுலின் புரதம் பெருகியிருப்பதை மட்டுமே. வேறு நோய்களிலும் அப்படிப் பெருகும். மேலும் நோய் தொடங்கிச் சுமார் மூன்று மாதம் ஆன பிறகே சீரம் சரியாக உறையும். அதுவரை நோயாளி காத்திருக்க முடியாது என்பதே இதன் பெருங்குறை.

தவறான முடிவுக்கு விலை அதிகம். 1922 வாக்கில் உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் யூரியா ஸ்டிபமைன் பல உயிர்களைக் காத்தது உண்மையே. ஆனால் ஆன்டிமனி மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. ஊசிகளை வாரக்கணக்கில் போட வேண்டும். நோய் இல்லாதவருக்கு அதைக் கொடுப்பது கொடுமை. 1990களில் வட பீகாரில் இம்மருந்துகளும் பலருக்குப் பலனளிக்காமல் போயின.

பட்டைச் சோதனை

1993இல் ஸ்டீவன் ரீட் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்வகை ஒட்டுண்ணியின் ஒரு புரதத்தில் 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருவதை விவரித்தனர். நோயாளிகளின் உடல் இத்துண்டுக்கு எதிராக ஏராளமான எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. ஆய்வகத்தில் தயாரித்த இப்புரதமே ஆர்கே39. இதை நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் ஒரு கோடாகப் பதித்துவிடுவார்கள். பட்டையின் அடியில் ஒரு துளி இரத்தம் வைத்துக் கரைசலில் நிறுத்தினால், ஈரம் மேலேறும்போது எதிர்ப்பொருள் அக்கோட்டில் சிக்கி நிறம் காட்டும். மேலே உள்ள மற்றொரு கோடு சோதனை ஒழுங்காக நடந்ததற்கு அடையாளம். இரண்டு கோடு தெரிந்தால் நோய்க்குறி உண்டு. மேற்கோடு மட்டும் தெரிந்தால் இல்லை. மேற்கோடே வராவிட்டால் பட்டை பழுது.

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஷியாம் சுந்தர் இப்பட்டையைப் பீகார் நோயாளிகளிடம் சோதித்து 1998இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார். ஊசிச் சோதனையில் உறுதியான நோயாளிகள் அனைவரையும் பட்டை கண்டுபிடித்தது. நோயற்றவர்களைச் சரியாக விலக்குவதில் அதன் திறன் 98 சதவீதம். 2005இல் இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகியவை நோயொழிப்பு உடன்பாடு செய்துகொண்டபோது இப்பட்டையைப் பெரிதும் நம்பியே திட்டம் தீட்டின. ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதே இலக்கு. 2015க்குள் அது முழுதாகக் கைகூடவில்லை. 2023 அக்டோபரில் வங்கதேசம் இலக்கை எட்டியதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. உலகிலேயே முதல் நாடு அது.

பட்டைக்கும் குறைகள் உண்டு. எதிர்ப்பொருள் நோய் தீர்ந்த பிறகும் பல ஆண்டுகள் இரத்தத்தில் தங்கும். ஆகவே முன்பு குணமானவருக்கு நோய் திரும்பியிருக்கிறதா என்று இதனால் சொல்ல இயலாது. அப்போது பழைய ஊசிதான் துணை. நோய் பரவிய ஊர்களில் நலமாக இருப்பவர் சிலருக்கும் இரண்டு கோடு விழும். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் இருப்பவர்களுக்கு மட்டுமே இதைச் செய்யச் சொல்கிறார்கள். எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்தவர்களுக்கு நோய் இருந்தும் கோடு வராமல் போகலாம். சூடான் போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் இதன் திறன் இந்தியாவைவிடக் குறைவு. இங்கு 100 நோயாளிகளில் 97 பேரைக் கண்டறியும் பட்டை, அங்கு 85 பேரையே கண்டறிகிறது. விடுபடும் 15 பேருக்காக அங்கே வேறு சோதனைகளையும் கையில் வைத்திருக்க வேண்டியுள்ளது.