மேட்டூர் அணையும் ஒரு வெள்ளைப் பூவும்

பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன பிப்ரவரி மாதம், இங்கிலாந்தில் செவிலியராக இருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மண்சட்டி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் பூக்கள், தலை கவிழ்ந்து நிற்கின்றன. பக்கத்தில் செருகிய அட்டையில் 'லேடி பீட்ரிக்ஸ் ஸ்டான்லி' என்று பெயர். கீழே அவள் கேள்வி: "சார், இவங்க நம்ம மேட்டூர் ஸ்டான்லிக்கு ஏதாவது வேணுமா?"

வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கேள்வியும் கேட்காத பெண் அவள். இருபது வருடம் கழித்துக் கேட்டாள். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

ஆமாம் அம்மா, அவரேதான். சர் ஜார்ஜ் ஸ்டான்லி 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநர். மேட்டூர் அணை 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையும் அவர் பெயரில்தான். அவர் மனைவி லேடி பீட்ரிக்ஸ், நார்தாம்ப்டன்ஷயரில் சிபர்டாஃப்ட் என்ற ஊரில் பெரிய தோட்டம் வைத்திருந்தவர். அவர் நினைவாகப் பெயர் பெற்றதுதான் நீ பார்த்த அடுக்குப் பூ.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பூவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பகுதியை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஸ்னோடிராப் என்பது அந்தப் பூவின் பெயர். பனி உருகுவதற்கு முன்பே மண்ணைக் கீறிக்கொண்டு வரும். செடி ஒரு சாண் உயரம், கிழங்கு சின்ன வெங்காயம் அளவு. வெங்காயத்தின் குடும்பம்தான், ஆனால் தின்றால் விஷம். வெளியே மூன்று இதழ், உள்ளே மூன்று சிற்றிதழ், உள்ளிதழில் ஒரு பச்சைப் பொட்டு. இவ்வளவுதான் பூ. லின்னேயஸ் 1753இல் இதற்கு 'கேலந்தஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் பால்பூ என்று பொருள்.

இயற்கையில் இருப்பது இருபது சொச்சம் இனம். மனிதர்கள் பெயர் வைத்துப் பிரித்த வகைகளோ இரண்டாயிரத்தைத் தாண்டும். பச்சைப் பொட்டு எக்ஸ் மாதிரி இருந்தால் ஒரு பெயர், காம்பு நீண்டு காற்றில் ஊசலாடினால் ஒரு பெயர், பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் வந்தால் இன்னொரு பெயர். பிப்ரவரிக் குளிரில் ஈர மண்ணில் மண்டியிட்டு, பூவை விரலால் தூக்கி, உள்ளே பார்த்து வியக்கிற ஒரு கூட்டமே அங்கே இருக்கிறது. அவர்களுக்குக் 'கேலந்தோஃபைல்' என்று பெயர். நம் ஊரில் நாணயம் சேர்ப்பவர்களையும் தபால்தலை சேர்ப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதே பித்துதான்.

இந்தப் பித்து எப்படித் தொடங்கியது? 1853-56 கிரிமியப் போரில் சண்டையிட்ட ஆங்கிலேய வீரர்கள் ஊர் திரும்பும்போது அங்கே மலர்ந்திருந்த அகன்ற இலை ஸ்னோடிராப் கிழங்குகளைக் கொண்டுவந்தார்கள். 1874இல் ஹென்றி ஜான் எல்வெஸ் என்ற செல்வந்தர் துருக்கியின் ஸ்மிர்னா அருகே பெரிய பூ ஒன்றைக் கண்டார். அது அவர் பெயராலேயே 'எல்வெஸியை' ஆயிற்று. இப்படி வெவ்வேறு இனங்கள் ஒரே தோட்டத்தில் சந்தித்தபோது தேனீக்கள் தம் வேலையைச் செய்தன. கலப்பினங்கள் முளைத்தன.

இங்கேதான் என்னை உலுக்கிய இரண்டு மனிதர்கள் வருகிறார்கள்.

முதல்வர் ஜேம்ஸ் ஆலன். சாமர்செட்டில் ஷெப்டன் மாலெட் என்ற சிற்றூர்க்காரர். ஸ்னோடிராப்பில் திட்டமிட்டுக் கலப்பினம் உண்டாக்கிய முன்னோடி. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைத் தன் தோட்டத்தில் சேர்த்தார். 1891இல் ராயல் தோட்டக்கலைச் சங்கம் ஸ்னோடிராப்புக்கென்றே ஒரு மாநாடு கூட்டியபோது அதில் கட்டுரை வாசித்தவர். பிறகு அவர் தோட்டத்தில் சாம்பல் பூஞ்சணம் பரவியது. கிழங்கைக் குடையும் ஈயின் புழுவும் சேர்ந்துகொண்டது. வாழ்நாள் சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தது. இன்று 'மேக்னெட்', 'மெர்லின்' போன்ற சில பெயர்கள்தான் மிச்சம்.

இரண்டாமவர் சாமுவேல் ஆர்நாட். ஸ்காட்லாந்தில் டம்ஃபிரீஸ் பக்கத்து நகரத் தலைவர். அவரிடம் ஒரு நல்ல வகை இருந்தது. நேர்த்தியான உருவம், தேன் வாசனை. கிழங்குகளை எல்வெஸுக்கு அனுப்பிவைத்தார். கோல்ஸ்போர்னில் எல்வெஸ் தோட்டத்தில் அது பெருகியது. அங்கிருந்து வால்டர் பட் என்பவர் கைக்குப் போனது. பட் குடியிருந்த வீட்டுக்குப் பிறகு வந்தவர்கள் பிரிகேடியர் மாதியாஸும் அவர் மனைவியும். வாசல் தோட்டத்தில் கூட்டம் கூட்டமாகப் பூத்ததைப் பார்த்துத் திகைத்துப்போய், 'ஜயன்ட் ஸ்னோடிராப் கம்பெனி' என்று ஒன்றைத் தொடங்கி ஊரெல்லாம் விற்றார்கள். 1951இல் அந்தப் பூ 'எஸ். ஆர்நாட்' என்ற பெயரில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் 'அவார்டு ஆஃப் மெரிட்' பெற்றது. கொடுத்தவர் அப்போது உயிரோடு இல்லை. இன்று ஸ்னோடிராப் வளர்ப்பவர் வீட்டில் இது இல்லாமல் இருப்பது அபூர்வம்.

விருது என்றதும் பள்ளி ஆண்டுவிழா ஞாபகம் வந்திருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன், சுவையான விஷயம்.

அங்கே பரிசு மூன்று விதம். ஒன்று, செடிக்குத் தருவது. நிபுணர் குழுவின் முன் மேசையில் சட்டியை வைக்க வேண்டும். அழகு, புதுமை, தனித்தன்மை பார்ப்பார்கள். மிகச் சிறந்ததற்கு முதல்தரச் சான்றிதழ், 1859 முதல் உண்டு. அடுத்தது அவார்டு ஆஃப் மெரிட், 1888 முதல். இரண்டாவது, வளர்த்த ஆளுக்குத் தருவது. செடி சாதாரணமானதாகவே இருக்கலாம், வளர்த்த திறமை அபாரம் என்றால் பாராட்டுச் சான்று. 1929இல் தொடங்கிய ஆல்பைன் தோட்டச் சங்கத்தின் காட்சிகளிலும் கைத்திறனுக்கே மதிப்பு. புதியவர், இடைநிலை, திறந்த பிரிவு என்று படிகள். சட்டியின் விட்டத்துக்கும் அளவு உண்டு. பூக்கள் ஒரே பருவத்தில் இருக்கிறதா, வாடல் இருக்கிறதா, வளர்க்கக் கடினமான இனமா என்றெல்லாம் நடுவர்கள் பார்ப்பார்கள். ஸ்னோடிராப் குளிரில் மூடிக்கொள்ளும், இளஞ்சூட்டில்தான் வெளியிதழ் விரியும். அதனால் அரங்கம் சூடாவதற்கு முன் நடுவர் வந்துவிட்டால் கொண்டுவந்தவர் பாடு திண்டாட்டம்! காட்சியின் மிகச் சிறந்த சட்டிக்கு ஃபேரர் பதக்கம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 1922இல் வந்த 'அவார்டு ஆஃப் கார்டன் மெரிட்'. ஒருநாள் மேசை அழகு இதற்குப் போதாது. சாதாரண ஆள் வீட்டுத் தோட்டத்தில், சாதாரணப் பராமரிப்பில், வருடா வருடம் நன்றாக வளர்கிறதா? நோய் தாங்குகிறதா? கடையில் கிடைக்கிறதா? இவை தேறினால்தான் தருவார்கள். தகுதி குறைந்தால் திரும்பவும் எடுத்துவிடுவார்கள். எஸ். ஆர்நாட்டுக்கு இதுவும் உண்டு. ஆலனின் மேக்னெட்டுக்கும் உண்டு.

நானும் முப்பத்தொரு வருடம் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டவன். மார்ச் மாதத்து மூன்று மணி நேரத்தை வைத்துத்தான் உங்களை எடைபோட்டேன். இந்த மூன்றாவது விருதை நான் யாருக்கும் தந்ததில்லை.

பணக் கதையும் உண்டு. 2012இல் 'எலிசபெத் ஹாரிசன்' என்ற மஞ்சள் வகையின் ஒற்றைக் கிழங்கு இணைய ஏலத்தில் 725 பவுண்டுக்குப் போனது. 2015இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' 1,390 பவுண்டு. 2022இல் 'கோல்டன் டியர்ஸ்' 1,850 பவுண்டு. விலை ஏறியதும் திருட்டும் வந்தது. இன்னொரு பக்கம், துருக்கி மலைகளில் காட்டுக் கிழங்குகளை லட்சக்கணக்கில் தோண்டி விற்றதால் 1990இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஆனால் அனுபவசாலிகள் எல்லோரும் சொல்லும் ஒரே யோசனை, நல்ல கிழங்கு கிடைத்தால் பெருக்கி நண்பர்களுக்குக் கொடு என்பதுதான். கிழங்கை அடித்தட்டோடு சேர்த்துச் சிறுசிறு துண்டாக நறுக்கினால் ஒவ்வொன்றிலும் குட்டிக் கிழங்கு பிடிக்கும். பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும். உன் தோட்டத்தில் நோய் வந்து எல்லாம் போனாலும் கொடுத்த இடத்தில் ஒன்று இருக்கும். கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இதைப் படித்த இரவுதான் என் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது.

1980களில், மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஊர்களிலிருந்து எழுந்து வந்த பெரியவர்களைத் தேடி மிதிவண்டியில் அலைந்தேன். தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுமே, உங்களையும் சுற்றுலா அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். அந்த ஊர்களில் யார் வீடு எங்கே இருந்தது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் இனித்தது, வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிய நாளில் யார் அழுதார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பதினோரு நோட்டுகளில் எழுதினேன். என்றாவது புத்தகமாகப் போட வேண்டும் என்று பூட்டி வைத்தேன். ஒரு மாணவன் நகல் எடுத்துத் தருகிறேன் என்று இரண்டு முறை கேட்டான். எங்கே என் பெயர் இல்லாமல் வேறு யாராவது போட்டுவிடுவார்களோ என்று தரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பெட்டியைத் திறந்தேன். ஒன்பது நோட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. சொன்னவர்களில் ஒருவர்கூட இன்று இல்லை.

இதை இதுவரை வீட்டில் தவிர யாரிடமும் சொன்னதில்லை. நான் ஜேம்ஸ் ஆலனாக இருந்துவிட்டேன். அவருக்காவது பூஞ்சணம் என்று காரணம் சொல்லலாம். எனக்குப் பூட்டுதான் காரணம்.

மிச்சம் இரண்டு நோட்டுகள். பேரன் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த வாரம் முதல் இங்கேயே போடுகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அச்சடியுங்கள், என் பெயர்கூட வேண்டாம். சொன்னவர்களின் பெயர் மட்டும் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் அந்த ஊர்களிலிருந்து வந்த தாத்தா பாட்டி சொன்ன கதை ஏதாவது ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். இரண்டு வரி போதும். அன்று நகல் கேட்ட தம்பி, இதைப் படிக்கிறாயென்றால் ஒரு போன் செய்யப்பா.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்